சகலை திருத்திய வரிகள்

பெரிய மாப்பிள்ளைக்கு வயிறு எரிந்தது. இதை நாசூக்காகச் சொல்ல வழியில்லை. மாமனாரின் பெயின்ட் கடைக்குள் நுழைந்து, கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் பில் பிரிண்டரைப் பார்க்கும்போதெல்லாம் எரிந்தது.

அது மலிவான பிரிண்டர். செய்த கம்பெனியே கைகழுவிவிட்ட சாமான். அது கணினி சொல்வதைக் கேட்டு ஒழுங்காக பில் அடித்து, தாளை வெட்டித் தள்ளுகிறதென்றால் அதற்குக் காரணம் பெரிய மாப்பிள்ளை எழுதிய டிரைவர், அதாவது பிரிண்டரை இயக்கும் மென்பொருள். ஆபீஸ் முடிந்து வந்து, பெண்டாட்டியிடம் பாட்டு வாங்கிக்கொண்டே வருஷக்கணக்கில் எழுதிய நிரல். காசு வாங்காமல் உலகத்துக்கே திறந்து வைத்திருந்தார். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், தவறு கண்டால் திருத்தி அனுப்பலாம். ஏற்பதும் தள்ளுவதும் அவர் கையில்.

திருத்தி அனுப்ப வந்தது யார் என்கிறீர்கள்? சகலை. மச்சினியைக் கட்டியவன். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் கடிதங்களைப் படித்துப் பிழை பார்க்கிற வேலை. நிரலில் ஒரு வரி எழுதத் தெரியாது. ஆனால் நிரலுக்கு நடுநடுவே, படிக்கிற மனிதர்களுக்காக ஆங்கிலத்தில் குறிப்புகள் எழுதி வைப்பார்கள். மெஷின் அவற்றைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகும். சகலை தாண்டவில்லை. அவர் விட்ட எழுத்துப்பிழைகளையும் கோணல்மாணல் வாக்கியங்களையும் ஒவ்வொன்றாகத் திருத்தி அனுப்பினான். பணிவாக வேறு. "அண்ணே, நேரம் கெடைக்கும்போது பாருங்க, அவசரமில்ல" என்று.

தள்ள முடியவில்லை, திருத்தமெல்லாம் சரி. ஏற்றுக்கொண்டால், அந்த வரிக்குப் பக்கத்தில் கடைசியாகத் தொட்டவன் பெயர் ஏறிவிடும். அந்த உலகத்தின் வழக்கம் அப்படி. மண்டையை உடைத்துக்கொண்டு எழுதியவர் பெயர் பழைய வரலாற்றுக்குள் போய்விடும், ஓர் எழுத்தைச் சொருகியவன் பெயர் மேலே வந்து சட்டமாக உட்காரும். நிரல் இருக்கும் பக்கத்தைத் திறந்தால் எங்கு பார்த்தாலும் சகலை.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் மாமனார் வந்தவர் போனவரிடமெல்லாம், "சின்ன மாப்ள பேர உலகம் பூரா பாக்குறாங்களாம். நம்ம கடை பிரிண்டருக்குக்கூட அவருதான் எல்லாம்" என்று அவனைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார். பெரிய மாப்பிள்ளை தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அது நான் எழுதினது மாமா" என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? சொல்லமாட்டார். மாமனாருக்குத் தானாகத் தெரிந்து, தானாக வந்து கேட்கவேண்டும். அப்படியொரு வீம்பு.

வீம்பு முற்றி ஒருநாள், சகலைக்கு இனி ஒரு பிழைகூட மிச்சம் வைப்பதில்லை என்று கிளம்பினார். முழு நிரலையும் திறந்து வைத்துக்கொண்டு குறிப்புகளைத் தானே திருத்தத் தொடங்கினார்.

"அப்படி என்ன தலைபோற வேலை?" என்றாள் பெண்டாட்டி.

"சுத்தம் பண்றேன்."

"வீட்டையும் கொஞ்சம் பண்ணலாமே."

யார் செய்த மாற்றமானாலும் இன்னொருவர் படித்துப் பார்த்த பிறகுதான் சேர்ப்பது முறை. பிரிண்டரிலும் ஓட்டிப் பார்க்கவேண்டும். வெறும் குறிப்புதானே, மெஷினுக்கு என்ன வந்தது என்று இரண்டையும் விட்டுவிட்டு அப்படியே சேர்த்துவிட்டார். படித்துப் பார்க்க ஆள் வேண்டுமென்றால் சகலையிடம் போய் நிற்கவேண்டும். அதற்கு மானம் இடம் கொடுக்கவில்லை.

கடைக் கணினி புது டிரைவரை இணையத்திலிருந்து தானாகவே இறக்கிக்கொண்டது. மறுநாள் மாமியார் மகளுக்கு போன் செய்தாள். கடையில் பிரிண்டருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதாம்.

பெரிய மாப்பிள்ளை போய்ப் பார்த்தால், பில் தாள் மேஜையிலிருந்து இறங்கி, தரையில் ஓடி, பெயின்ட் டப்பாக்களைச் சுற்றிக் கிடந்தது. ஒரு வாடிக்கையாளர் தன் பில் எங்கே ஆரம்பிக்கிறதென்று குனிந்து தேடிக்கொண்டிருந்தார். மாமனார் கையில் கத்திரிக்கோல். எதிரே சகலை முகம் செத்துப்போய் நின்றான்.

"என்னாலதான் மாமா. தாள் வெட்டுற பகுதில கடைசியா நான்தான் கை வெச்சேன். எங்கயோ கெடுத்துட்டேன் போல."

"உங்களுக்கு எதுக்கு மாப்ளே தெரியாத எடத்துல கை?" என்று மாமனார் முகத்தைச் சுளித்தார்.

பெரிய மாப்பிள்ளைக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. எத்தனை நாள் ஏங்கிய சுளிப்பு! அந்தக் குளிர்ச்சியோடு ஸ்டூலை இழுத்துப் போட்டு லேப்டாப்பைத் திறந்தார்.

குறிப்பு எங்கே முடிகிறது என்று மெஷினுக்குக் காட்ட ஒரு முடிவுக் குறி போடவேண்டும். திருத்துகிற வேகத்தில் ஓர் இடத்தில் அதையும் சேர்த்து அழித்திருந்தார். அடுத்த முடிவுக் குறி வரைக்கும் எல்லாமே குறிப்பு என்று மெஷின் தாண்டிப் போயிருந்தது. நடுவில் மாட்டிக்கொண்டது, தாளை வெட்டச் சொல்லும் கட்டளை. பக்கத்தில் கடைசியாகத் தொட்டவர் பெயர். அவருடையதுதான். தன் பெயர் வரவேண்டும் என்று அடித்துக்கொண்டாரே, வந்துவிட்டது.

சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டால், வரிக்கு வரி படிக்கிற சகலையைத் தவிர யாருக்கும் தெரியப்போவதில்லை. அவன் சொல்லவும்மாட்டான். அவன் சொல்லமாட்டான் என்பதைத்தான் அவரால் தாங்கமுடியவில்லை. அதிலும் அவனே ஜெயிப்பதா?

"மாமா, கெடுத்தது இவர் இல்ல. நான்."

மாமனார் கத்திரிக்கோலைக் கீழே வைத்தார். "நீங்களும் இதுல இருக்கீங்களா மாப்ளே?"

"இத எழுதினதே அண்ணன்தான் மாமா!" என்றான் சகலை. "நான் எழுத்துப்பிழைதான் பாக்கறேன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்!"

"சொன்னீங்க, சொன்னீங்க. தன்னடக்கத்துல சொல்றீங்கன்னுல்ல நெனச்சேன்."

தொண்டைவரை வந்த வாக்கியத்தைப் பெரிய மாப்பிள்ளை இத்தனை காலம் விழுங்கிக்கொண்டிருக்க, அதை அவன் வாரம் தவறாமல் சொல்லியிருக்கிறான். சொன்னதற்கும் நல்ல பெயர் அவனுக்கே. பெரிய மாப்பிள்ளை லேப்டாப் பக்கம் திரும்பி முடிவுக் குறியைப் போட்டார். பிரிண்டர் ஒரு பில்லை அடித்து, சரக்கென்று வெட்டித் தள்ளியது.

மாமனார் அதை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "அடேயப்பா! இவ்வளவும் நீங்களா எழுதினீங்க?"

அவர் காத்திருந்த கேள்வி. "ஆமா மாமா" என்றார்.

"கெட்டிக்காரர்தான்." மாமனார் சின்ன மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "எதுக்கும் இவரு ஒரு தடவ பாத்துடட்டுமே?"

வயிறு எரிந்தது. ஆனால் அதுதான் முறை என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? எழுந்து ஸ்டூலை நகர்த்திக் கொடுத்தார். "பாருங்க சகலை."

சகலை உட்கார்ந்து மேலிருந்து கீழாக நிதானமாகப் படித்தான். பிறகு ஒரு குறிப்பின் மேல் விரலை வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கி நிமிர்ந்தான்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க..."

"அனுப்புங்க" என்றார் பெரிய மாப்பிள்ளை.