ஐந்து நட்சத்திரம் வாங்கிய லிஃப்ட் காட்சி

போன் வந்தபோது லிஃப்ட் மெக்கானிக் கிளைமாக்ஸ் ஒரு துணிக்கடை லிஃப்டின் கூரைமேல் குத்தவைத்து உட்கார்ந்து, கதவுச் சக்கரங்களுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். தெரியாத எண். தன் சினிமா வீடியோவைப் பார்த்த எவனாவது திட்டக் கூப்பிடுவான் என்று முதல் தடவை எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தது. கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டு எடுத்தான்.

"கிளைமாக்ஸ் சாருங்களா? உங்க ரசிகன் சார், வீடியோல இருந்த நம்பரைப் பார்த்துதான் கூப்பிடறேன், ஒரு பில்டிங்ல வாட்ச்மேன். இங்க லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுபோச்சு. கம்பெனிக்காரங்க நம்பர் ஸ்டிக்கர்ல அழிஞ்சுபோயிருக்கு. அதனால என்ன சார், நீங்கதான் சொல்லிக் குடுத்திருக்கீங்களே! அந்த அஞ்சு ஸ்டார் சீன்! அதே மாதிரி ஆளை வெளிய எடுக்கப் போறோம்."

கிளைமாக்ஸ் எண்ணெய் விடுவதை நிறுத்தினான்.

ஏன் நிறுத்தினான் என்று சொல்ல வேண்டுமானால், ஐயாவின் இன்னொரு முகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பிழைப்பு லிஃப்ட் பழுது பார்ப்பது. உயிர் சண்டைப் படங்களிலும் சாகசப் படங்களிலும். படம் பார்க்காதவனைத் தேடிப் பிடித்து முடிவைச் சொல்லிவிடும் கெட்ட புத்திக்காக உடன் வேலை செய்பவர்கள் சூட்டிய பெயர்தான் கிளைமாக்ஸ். அதையே பட்டமாக எடுத்துக்கொண்டு வாரம் ஒரு வீடியோ போடுவான்.

அவன் சட்டங்கள் கறாரானவை. நாயகன் இரண்டாம் மாடியிலிருந்து குதித்தால் அடுத்த காட்சியில் நொண்ட வேண்டும். நொண்டாவிட்டால் ஒரு நட்சத்திரம் காலி. இருபது அடியாட்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து உதை வாங்கினால், "என்னடா, டோக்கன் வாங்கிட்டு நிக்கறானுங்களா?" என்பான். எந்தத் தெரு எங்கே போய் முட்டும் என்று பார்ப்பவனுக்குத் தெரியாவிட்டால் அது துரத்தல் இல்லை, வெறும் இரைச்சல். புதையல் தேடிக் காட்டுக்குள் போனவர்களுக்கு மூன்றாம் நாள் பசி எடுக்க வேண்டும், நான்காம் நாள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கப் பிடிக்காமல் போக வேண்டும். பத்தாம் நாளும் மழுமழுவென்று சவரம் செய்த முகத்தோடு வந்தால் அது சாகசம் இல்லை, சுற்றுலா.

திரையில் லிஃப்ட் வந்துவிட்டால் போதும், வீட்டார் காதைப் பொத்திக்கொள்வார்கள். கயிறு அறுந்து பெட்டி பாதாளத்துக்குப் பாயும் காட்சியில் தியேட்டரிலேயே எழுந்து நின்றுவிடுவான். "அஞ்சு கயிறு போட்டிருக்கோம்டா! ஒண்ணே போதும் தாங்கறதுக்கு! அஞ்சும் அறுந்தா அடியில பிரேக் கவ்விக்கும்!" பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி, சட்டையைப் பிடித்து உட்காரவைப்பான். "நீங்க படம் பார்க்க வந்தீங்களா, இன்ஸ்பெக்‌ஷன் பண்ண வந்தீங்களா அத்தான்?" என்பான். திரையில் எது வந்தாலும் நம்புகிற ஜாதி அவன். கயிறு அறுந்தே தீரும் என்பது அவன் கட்சி. அதனாலேயே முடிந்தவரை படியேறிப் போவான்.

இப்படிப்பட்ட கறார் ஆசாமி ஒரே ஒரு தடவை வழுக்கினான். நான்கு மாதத்துக்கு முன் குடும்பத்தோடு பார்த்த படம். தீப்பிடித்த கட்டடம், இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிஃப்ட். ஒரு அப்பன் தன் மகளின் கையைப் பிடித்துத் தொங்கவிட்டு, கீழே மாடியில் நிற்கும் முன்பின் தெரியாத ஒருவன் கையில் இறக்குகிறான். கிளைமாக்ஸ் தன் ஒன்பது வயது மகளைத் திரும்பிப் பார்த்தான். அவ்வளவுதான், கண் பொலபொலவென்று கொட்டிவிட்டது. ஏசி காற்று கண்ணில் பட்டுவிட்டது என்று மனைவியிடம் சமாளித்தான். வீட்டுக்கு வந்த சூட்டோடு வீடியோ போட்டான்: "லிஃப்ட் மெக்கானிக்கா சொல்றேன், இந்த சீன் நூத்துக்கு நூறு கரெக்ட். சர்டிபிகேட் தர்றேன். அஞ்சுக்கு அஞ்சு!"

அது பச்சைப் பொய். தியேட்டரிலேயே அவனுக்குத் தெரியும். அழவைத்த காட்சியைக் குறை சொல்ல அன்றைக்கு மனசு வரவில்லை. வழக்கமாக ஆயிரம் பேர் பார்க்கும் இடத்தில் அந்த வீடியோவை நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். பிறகு அதைத் திருத்தவும் மனசு வரவில்லை.

"யாரையும் இறக்காதீங்க!" என்று இப்போது போனில் கத்தினான். "பெட்டி எவ்வளவு உசரத்துல நிக்குது?"

"என் நெஞ்சு உசரம் சார். எங்கிட்ட சாவி இருக்கு, மூணாவது மாடி வெளிக்கதவைத் திறந்துட்டேன். உள்ள இருக்கற தம்பி உள்கதவைத் தள்ளிட்டாரு. ரெண்டே பேர்தான். அந்தத் தம்பி ரொம்ப பயந்துட்டாரு பாவம். கூட ஒரு சின்னப் பொண்ணு. அது வாயே திறக்கல, பஞ்சைக் கடிச்சிட்டிருக்கு. மேல பல் டாக்டர்கிட்ட வந்துட்டுப் போறாங்க."

கிளைமாக்ஸ் கையிலிருந்த எண்ணெய்க் குப்பி நழுவிக் கூரையில் உருண்டது.

மகளின் விழ மறுத்த பால்பல். இன்று பிடுங்கியே ஆக வேண்டும். மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை, இவனுக்குத் துணிக்கடை வேலை. "நான் கூட்டிட்டுப் போறேன் அத்தான், நீங்க கவலைப்படாதீங்க" என்று காலையில் மைத்துனன்தான் பாப்பாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். பல் பிடுங்கியவளை நான்கு மாடி இறங்கவைக்க மனமில்லாமல் லிஃப்டில் ஏறியிருப்பான், பாவி.

"அது என் பொண்ணுய்யா! இறக்காதீங்க! என் பொண்ணு!"

"அய்யோ, உங்க பொண்ணா? அப்ப நீங்களே பாருங்க சார், வீடியோல வர்றேன்!" பெருமை தாங்கவில்லை வாட்ச்மேனுக்கு.

திரை ஆடியது. முதலில் சுவர், பிறகு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, பிறகு பெட்டியின் அடி விளிம்பு. அங்கிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தன இரண்டு சின்னக் கால்கள். பழுப்பு ஷூ. அடுத்த வருஷமும் ஆகும் என்று ஒரு அளவு பெரிதாக அவனே பார்த்து வாங்கியது. குப்புறப் படுத்தபடி முழங்கால் வரை வெளியே வந்திருந்தாள். கால்களுக்குக் கீழே, பெட்டியின் அடிக்கும் மூன்றாம் மாடித் தரைக்கும் நடுவே, ஒரு ஆள் தாராளமாக நுழையும் அளவுக்கு இருட்டு. மூன்று மாடி ஆழத்துக்கு வெறும் இருட்டு. அந்தப் படத்தில் கேமரா பெட்டிக்குக் கீழே போகவே இல்லை. இந்த வாட்ச்மேனின் போன் அதைத்தான் காட்டியது.

"காலை யாரு பிடிச்சிருக்கா?"

"நான்தான் சார், ஒரு கையால. இன்னொரு கையிலதான் போன் இருக்கே."

"டேய்! மேல இழுடா!" என்று அலறினான் கிளைமாக்ஸ். துணிக்கடையில் யாரோ கீழிருந்து என்னவோ என்று எட்டிப் பார்த்தார்கள்.

"அத்தான்! நீங்களா?" மைத்துனனின் குரல் மட்டும் வந்தது. அழுகிற குரல். "கயிறு மடக் மடக்னு சத்தம் போடுது அத்தான். எந்த நிமிஷமும் அறுந்துரும். பாப்பாவ முதல்ல அனுப்பிடறேன். நான் போனாலும் பரவால்ல."

"கயிறு அறாதுடா! பெட்டி எங்கயும் போகாது. கீழ குழி திறந்து கிடக்கு, உனக்கு அது தெரியாது. தொங்கவிட்டா காலு தானா உள்பக்கம்தான் போகும். கை நழுவினா மாடியில விழமாட்டா, குழிக்குள்ள போயிடுவா."

"எல்லாத்துக்கும் குறை சொல்ற மாதிரி இதுக்கும் சொல்லாதீங்க அத்தான்! இந்த சீன் கரெக்ட்னு நீங்கதானே சொன்னீங்க? சர்டிபிகேட்டே குடுத்தீங்களே!"

"ஆமா சார்," என்றான் வாட்ச்மேன். "மெக்கானிக்கா சொல்றேன்னு சொன்னீங்க. நான் மூணு தடவை பார்த்தேன்."

திரையில் கால்கள் இன்னும் ஒரு சாண் இறங்கின. முழங்கால் மடங்கி, அவன் சொன்னபடியே இருட்டுக்குள் ஊசலாடின. வாட்ச்மேனின் கை ஒரு கணுக்காலை மட்டும் பற்றியிருந்தது.

இருபது வருஷமாக இந்த மாதிரி குழிகளின் விளிம்பில் நின்று வேலை செய்தவன் அன்றைக்குக் கூரைக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டான். போனை வாயருகே கொண்டுவந்து, கத்தாமல், கெஞ்சினான்.

"பொய்டா. நான் சொன்னது பொய். அந்த சீன் தப்பு. பார்க்கும்போதே தப்புன்னு எனக்குத் தெரியும். ஆனா அழுதுட்டேன்டா. அழுததால குறை சொல்ல வாய் வரல. அதுக்கப்புறம் அத்தனை பேர் பார்த்தாங்களா, திருத்தவும் மனசு வரல. உன் கால்ல விழறேன், பாப்பாவ மேல இழு."

"நீங்களா, அழுதீங்களா?" என்றான் மைத்துனன். நம்பவில்லை. இத்தனை வருஷத்தில் அத்தான் திரையைப் பார்த்துத் திட்டித்தான் பார்த்திருக்கிறான். "என்னை நிறுத்தறதுக்காக எதையாவது சொல்றீங்க. அத்தான், இதோ மறுபடி சத்தம் வருது..."

அப்போது பெட்டிக்குள் ஏதோ துப்பும் சத்தம் கேட்டது. டாக்டர் அரை மணி நேரம் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லி வைத்த பஞ்சு.

"மாமா, அப்பா நிஜமாவே அழுதாரு," என்றாள் பாப்பா. பல் போன இடத்தில் காற்று புகுந்து சொற்கள் குழறின. "நான் பார்த்தேன். என்னைத் திரும்பிப் பார்த்துட்டு அழுதாரு. அம்மாகிட்டதான் ஏசின்னு சொன்னாரு. என்னை மேல இழுங்க மாமா."

கால்கள் வெடுக்கென்று மேலேறின. ஏறும்போது வலது கால் பெட்டியின் விளிம்பில் இடித்தது. அளவு பெரிதான ஷூ கழன்று, வாட்ச்மேனின் விரல்களில் பட்டு, இடைவெளிக்குள் விழுந்தது. எல்லோரும் காத்திருந்தார்கள். ரொம்ப நேரம் கழித்து, எங்கோ அடியிலிருந்து, 'தொப்'பென்று ஒரு சத்தம் வந்தது.

மைத்துனன் வாய்விட்டு அழ ஆரம்பித்தான். வாட்ச்மேன் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். போன் கூரையைப் பார்த்தபடி கிடந்தது.

"வெளிக்கதவைச் சாத்துங்க," என்றான் கிளைமாக்ஸ். "மேல மெஷின் ரூம்ல மெயினை அணைச்சிட்டு யாரும் எதையும் தொடாம இருங்க. டேய், பாப்பாவ மடியில வெச்சுக்கிட்டு கதவுக்கு எதிர்ச் சுவத்துல சாஞ்சு உட்காரு. வர்றேன்."

இருபத்தைந்து நிமிடத்தில் போய்ச் சேர்ந்தான். மெயின் அணைந்திருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தான். பிரேக்கைக் கையால் தளர்த்தி, பெரிய சக்கரத்தை அங்குலம் அங்குலமாகச் சுற்றி, பெட்டியை மூன்றாம் மாடித் தரைக்குச் சரியாகக் கொண்டுவந்து நிறுத்தினான். பிறகு இறங்கி வந்து கதவைத் திறந்தான். இதை எந்த இயக்குநரும் படம் எடுக்க மாட்டான். எடுத்தால் தியேட்டரே தூங்கிவிடும். ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் காலுறையுமாக, வீங்கிய கன்னத்தோடு பாப்பா சாதாரணமாக நடந்து வெளியே வந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டவன் வெகுநேரம் இறக்கிவிடவில்லை. மைத்துனன் படியில் உட்கார்ந்து, "நான் கொன்னுருப்பேன் அத்தான், நான் கொன்னுருப்பேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"நீ இல்லடா, நான்," என்றான் கிளைமாக்ஸ்.

குழிக்குள் இறங்கி ஷூவை எடுத்து வரவும் அவனே போனான். அது இரும்பு ஸ்பிரிங்குக்குப் பக்கத்தில், பழைய எண்ணெய்க் கசிவில் கவிழ்ந்து கிடந்தது. குனிந்து எடுத்தவன் நிமிர்ந்து மேலே பார்த்தான். மூன்று மாடி. எந்தப் படத்தில் எவன் எங்கிருந்து விழுந்தாலும் எத்தனை எலும்பு முறியும் என்று விரல்விட்டுச் சொல்கிறவன் அவன். அந்தக் கணக்கை அன்றைக்கு அவனால் போட முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றான்.

மாலையில் வெளிச்சம் போவதற்குள் வீடியோ எடுக்க உட்கார்ந்தான். மனைவி அடுக்களை வாசலில் நின்றாள். போனைப் பாப்பா பிடித்துக்கொண்டாள். எண்ணெய்க் கறை போகாத ஷூவை மேஜைமேல் வைத்து, அந்தக் காட்சி ஏன் தவறு என்று ஒன்றுவிடாமல் சொன்னான். குழி எங்கே இருக்கும், கால் எந்தப் பக்கம் போகும், லிஃப்ட் நின்றால் உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும், யாரும் இறங்கக் கூடாது, யாரும் இறக்கக் கூடாது. "தெரிஞ்சேதான் சர்டிபிகேட் குடுத்தேன். அதை நம்பினவங்க கையில இன்னிக்கு என் பொண்ணு..." என்றவன் ஷூவைக் கையில் எடுத்தான். அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பாப்பா போனில் பதிவை நிறுத்தவில்லை.

"அழுததையும் சொல்லுங்கப்பா," என்றாள். "அந்த சீன்ல அது மட்டும்தான் நிஜம்."