மாடிக்கு ஏறாத நெட்

கேபிள்காரர் என் லேப்டாப்பை இடது கையில் ஏந்திக்கொண்டு, கீழ்வீட்டு ஹாலில் ரவுட்டருக்கு எதிரே கைக்கெட்டும் தூரத்தில் நின்றார். வலது கையில் அவருடைய போன். இரண்டிலும் நெட்டின் வேகத்தைக் காட்டும் முள் ஓடியது. போனில் அது சரசரவென்று ஏறி எண்பது எம்பியைத் தாண்டியது. லேப்டாப்பில் அரை எம்பிக்குப் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. போன் பிடித்த கையாலேயே அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார், மறுபடியும் ஓட்டிப் பார்த்தார். மறுபடியும் அரை.

"ஏம்மா, செவுரு தடிமன், அதான் மாடிக்கு நெட்டு ஏறலன்னு சொன்னீங்க?"

"ஆமா."

"இங்க எந்தச் செவுரும்மா குறுக்க நிக்குது?"

இரண்டு வருடமாக நான் திட்டிய திட்டையெல்லாம் வாங்கிக்கட்டிக்கொண்ட சுவர் அது. கீழே என் கணவரின் அண்ணனான மச்சாண்டாரும் அவர் மனைவியான ஓரகத்தியும், மேலே நானும் என் கணவரும். ரவுட்டர் கீழே, டிவிக்கு மேலே உள்ள பலகையில். மாடியில் என் வேலை ஆரம்பித்தால் போதும், படம் விக்கும், திணறும், நின்றுபோகும். "அந்தக் காலத்துக் கட்டடம், செவுரு தடிமன், நான் என்ன பண்றது?" என்பார் என் கணவர். சொல்லும்போது சுவரை ஒரு தட்டு வேறு தட்டிக் காட்டுவார். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் பாதி தூரம் இறங்கி உட்கார்ந்தும் பார்த்திருக்கிறேன். சிக்னல் கோடு நாலும் நிறைந்திருக்கும், படம் மட்டும் நகராது. சரி, கீழே டிவி ஓடுகிறது, அது இழுத்துக்கொள்கிறது என்று எனக்கு நானே ஒரு காரணம் கண்டுபிடித்தேன். அதற்காக என் மச்சாண்டாரோடு, அந்த வயதான மனிதரோடு, சண்டை போட்டு நாலு மாதம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்திருக்கிறேன்.

என் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் எரிச்சல் யாருக்கும் புரியாது. நான் சைகைமொழி பெயர்ப்பாளர். காது கேளாதவர்கள் டாக்டரிடம் போனால், அங்கே மேஜைமேல் ஒரு டேப்லெட் இருக்கும். அதில் நான் இருப்பேன். டாக்டர் பேசுவதை நான் கையால் சொல்வேன், அவர்கள் கையால் சொல்வதை நான் வாயால் சொல்வேன். அதற்காகவே என் அறையில் ஒரு சுவரை வெறுமையாக வைத்திருக்கிறேன். கறுப்புச் சட்டை போட்டு, வளையலையும் மோதிரத்தையும் கழற்றி வைத்துவிட்டு உட்காருவேன். பேச்சில் ஒரு சொல் விழுந்துவிட்டால் அடுத்த சொல்லை வைத்து ஊகித்துக்கொள்ளலாம். கை பாதியில் நின்றுவிட்டால் அது வெறும் கைதான்.

அப்படித்தான் போன மாதம் ஒரு தையல்காரிக்கு நடந்தது. வயிற்றில் ஆபரேஷன். ரத்தம் உறையாமல் இருக்க அவள் சாப்பிடும் மாத்திரையை ஆபரேஷனுக்கு முந்தைய ஐந்து நாளும் நிறுத்தச் சொன்னார் டாக்டர். மாத்திரை என்றேன், ஐந்து நாள் என்றேன், நிறுத்து என்று கையை வெட்டிக் காட்டினேன். வெட்டு அவளுக்குப் போய்ச் சேரவில்லை. படம் ஐந்து நாளோடு நின்றுவிட்டது. திரும்பி வந்தபோது நான் "புரிஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் தலையாட்டினாள். பாவி மகள், ஐந்து நாளும் ஒரு வேளைகூடத் தவறாமல் மாத்திரையை விழுங்கிவிட்டு ஆபரேஷனுக்கு வந்து நின்றாள். ரத்தப் பரிசோதனை பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்னை வேலைக்கு அனுப்பும் நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. இன்னொரு முறை படம் நின்றால் ஆஸ்பத்திரிப் பட்டியலில் என் பெயர் இருக்காது. அன்றைக்கு நான் அழுத அழுகைக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "விடு, உனக்கு எதுக்கு இத்தனை கஷ்டம்" என்று முதுகைத் தடவியவர் என் கணவர்.

அந்தத் தையல்காரிக்குத்தான் இன்றைக்குப் பதினொன்றரைக்கு மறுபடியும் டாக்டர். வேறு பெயர்ப்பாளர் தருகிறோம் என்றதற்கு, பழைய ஆளே வேண்டும் என்றாளாம். அதைக் கேட்டதும்தான் நான் இரண்டாவது ரவுட்டர் ஒன்றை வாங்கினேன். கீழே உள்ள பெட்டியின் பின்னால் நாலு மஞ்சள் துளை. அதில் ஒன்றிலிருந்து ஒரு கேபிளை ஜன்னல் வழியாக மேலே இழுத்து, புதுப் பெட்டியின் நீலத் துளையில் சொருகினால் மாடிக்குத் தனி வைஃபை. அவ்வளவுதான் வேலை என்றார் கேபிள்காரர். "தண்டச் செலவு" என்றார் என் கணவர். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இப்போது மணி பத்தே முக்கால். கேபிள்காரர் ரவுட்டரைக் குப்புறக் கவிழ்த்து ஸ்டிக்கரைப் படித்தார். அதில் இருந்த பாஸ்வேர்டை அடித்தார். திறக்கவில்லை.

"யாரோ மாத்திருக்காங்கம்மா. உள்ள போய்ப் பாத்தாதான் என்ன கோளாறுன்னு தெரியும்."

வார விடுமுறை என்று சோபாவில் செய்தித்தாள் விரித்திருந்த என் கணவர் தலையைத் தூக்காமலே சொன்னார். "எப்பவோ போட்டது சார், மறந்துடுச்சு. நீங்க வயரைச் சொருகிட்டுக் கெளம்புங்க. அது போதும்."

ஓரகத்தி முறத்தில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அதை அப்படியே கீழே வைத்துவிட்டு எழுந்து சமையலறைக்குள் போனாள். அலமாரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. உள்ளிருந்தபடியே, அங்கே எழுதி ஒட்டியிருந்த பாஸ்வேர்டை ஒவ்வொரு எழுத்தாக, ஒவ்வொரு எண்ணாக, தெருவுக்கே கேட்கிற குரலில் படித்தாள். கேபிள்காரர் அடித்தார். செய்தித்தாள் மெல்ல மடிந்தது.

பக்கம் திறந்தது. வீட்டில் நெட் வாங்குகிற எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியல். டிவி, வாசல் கேமரா, மச்சாண்டாரின் போன், ஓரகத்தியின் போன், என் கணவரின் போன். கடைசியில் மாடி ஒன்று, மாடி இரண்டு. அவை என் லேப்டாப்பும் என் போனும். எல்லாவற்றுக்கும் எதிரே வெறும் கோடு. என் இரண்டுக்கு எதிரே மட்டும் ஓர் எண்.

"உங்களுக்கு மட்டும் லிமிட் போட்டு வச்சிருக்காங்கம்மா. அரைக்கு மேல ஏறாது. நீங்க ரவுட்டரை மடியில வச்சுக்கிட்டு உக்காந்தாலும் ஏறாது." சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். "தெரியாம விழுந்திருக்கும்" என்று முனகினார்.

தெரியாமல் விழுமா? பெயர் வைத்து, எண் போட்டு, சேமி என்று ஒரு பொத்தானையும் அழுத்தினால்தான் விழும். வாசலில் போகிற வருகிற நாயைப் படம் பிடிக்கும் கேமராவுக்குக் கூட வேண்டிய மட்டும் நெட். ஒரு நோயாளிக்கு டாக்டர் சொல்வதைச் சொல்லுகிற எனக்கு அரை. எனக்கு உச்சந்தலைவரை பற்றிக்கொண்டு வந்தது. நேராக மச்சாண்டாரைப் பார்த்தேன். வேறு யாரைப் பார்ப்பேன்? அவர் வீட்டு ஹால், அவர் டிவி, அவர் பலகை.

"ஏன் மாமா? நான் உங்களுக்கு என்ன பண்ணேன்?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்தார். "எனக்கு அந்தப் பெட்டியில ஆன் பண்ணவும் ஆஃப் பண்ணவும்தாம்மா தெரியும்" என்றார். பிறகு, "அவன்தான் வந்து போட்டான். புருஷன் பொண்டாட்டி விஷயம், நாம எதுக்குன்னு விட்டுட்டேன்" என்றார்.

ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் ஞாபகம் வந்தது. சுவரைத் தட்டிக் காட்டியது. "எனக்கும் அப்படித்தான் சுத்திக்கிட்டே இருக்கு" என்று தன் போனை நீட்டியது. தண்ணீர் டம்ளர். முதுகில் வைத்த கை. இரண்டு வருடம் இந்த வீட்டில் என் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறார்கள், நான் நன்றாகக் குனிந்து காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"எதுக்கு?" என்றேன் என் கணவரிடம்.

"இப்ப எதுக்குச் சத்தம் போடற? வெளியாளு இருக்காரு."

"அவர் இருக்கறதாலதான் எனக்குத் தெரிஞ்சுது. எதுக்கு?"

அவர் செய்தித்தாளை இன்னும் ஒரு மடிப்பு மடித்தார். "வீட்டுக்கு வந்தா கதவச் சாத்திக்கிட்டு உள்ள இருக்க. கூப்பிட்டா கையக் காட்டற. நான் என்ன அடிச்சேனா, திட்டினேனா? வேலைய நிறுத்துன்னு ஒரு நாளாவது சொன்னேனா? நீயா விட்டுடுவேன்னு நெனச்சேன்."

நல்ல மனிதர். ஊரில் கேட்டால் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். சண்டையில் யாராவது ஒருவர் ஜெயித்திருப்போம். இவர் எனக்கு அந்தச் சண்டையைக் கூடத் தரவில்லை. "அந்தப் பொம்பளை அஞ்சு நாள் மாத்திரையை முழுங்கினாளே, அது தெரிஞ்சும் இதை எடுக்கலையா நீங்க?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்காத மாதிரி கீச்சென்று போனது. "அவங்க கவனமா பாத்திருக்கணும்" என்றார்.

கையில் ஏதாவது இருந்திருந்தால் எறிந்திருப்பேன்.

மச்சாண்டாரையும் நான் விடவில்லை. நான் சண்டை போட்டதற்குப் பிறகு என் வேலை நேரத்தில் அவர் மேட்ச் பாதியில் இருந்தாலும் டிவியை அணைத்துவிடுவார். அதற்காக மனம் இளகித்தான் மறுபடியும் அவரோடு பேச ஆரம்பித்திருந்தேன். "எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே டிவிய எதுக்கு மாமா ஆஃப் பண்ணீங்க?" என்றேன். "மனசு கேக்கல" என்றார். ஆகா, என்ன மனசு! வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்வதைவிட ஒரு மேட்ச்சைத் தியாகம் செய்வது சுலபமாக இருந்திருக்கிறது. ஓரகத்தி மறுபடியும் முறத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் எத்தனை நாள் சுவரைக் குறை சொல்லி அழுதிருப்பேன். தலைகுனிந்து பீன்ஸ் நறுக்கினாள். இன்றைக்கு அவள் எழுந்து போய்ப் படித்ததற்குக் கோபப்படுவதா, கும்பிடுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

"எடுத்துடட்டுமாம்மா?" என்றார் கேபிள்காரர்.

"எடுங்க."

எடுத்தார். முள்ளை ஓடவிட்டார். எழுபத்தெட்டு. "இனிமே ரெண்டாவது பெட்டி இல்லாமலே ஓரளவு ஓடும். மாட்டணுமா?" என்று கேட்டார்.

"மாட்டுங்க. எனக்குன்னு ஒண்ணு மேல இருக்கணும்."

கேபிள் ஏற்கெனவே இழுத்தாகிவிட்டது. மஞ்சள் துளையில் ஒரு முனை, மாடியில் நீலத் துளையில் மறுமுனை. புதுப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது, அசையவில்லை. மணி பதினொன்று இருபது. கேபிள்காரர் சாவகாசமாக லேப்டாப்பில் எதையோ படித்தார். "ரெண்டு பெட்டிக்கும் ஒரே விலாசம் போட்டு அனுப்பியிருக்கான். ரெண்டு வீட்டுக்கு ஒரே கதவு நம்பர் இருந்தா தபால்காரன் எங்க போவான்?" என்று புதுப் பெட்டியின் எண்ணில் ஒரே ஓர் இலக்கத்தை மாற்றினார். பெட்டி அணைந்து எரிந்தது. பச்சை.

"பாஸ்வேர்டு நீங்களே போட்டுக்கங்கம்மா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். போட்டேன். கீழேயிருந்து மச்சாண்டாரின் குரல் படியேறி வந்தது. "சார், கீழ இருக்கறதுக்கும் மாத்திடுங்க. அதையும் அவளே போடட்டும்."

பதினொன்று இருபத்தெட்டுக்குக் கறுப்புச் சட்டையில் இருந்தேன். வளையலையும் மோதிரத்தையும் கழற்றி வைத்தேன். திரை திறந்தது. தையல்காரியை முதன்முறையாக முழுசாகப் பார்த்தேன். அவள் கட்டைவிரலில் ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன இடம்கூடத் தெரிந்தது. அவளும் கண்ணை விரித்தாள். "இன்னிக்கு உன் விரலெல்லாம் தெரியுது" என்றாள் கையால்.

டாக்டர் சொன்னார். மாத்திரை என்றேன். ஐந்து நாள் என்றேன். நிறுத்து என்று வெட்டினேன். ஒன்றும் விக்கவில்லை. திருப்பிச் சொல்லச் சொன்னேன். மாத்திரை, ஐந்து நாள், நிறுத்தணும் என்று அவள் வெட்டிய வெட்டில் டாக்டரே சிரித்துவிட்டார். சீட்டு எழுதக் குனிந்தார்.

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பின்னால், என் வெறுஞ்சுவருக்கு முன்னால், என் கணவர் வந்து நிற்பது திரையின் ஓரத்தில் சின்னதாகத் தெரிந்தது. "கொஞ்சம் இப்படித் திரும்பேன்" என்றார். "நான் சொல்றதக் கேளு" என்றார். நான் திரும்பவில்லை. சைகையில் பேசுகிறவரிடமிருந்து கண்ணை எடுத்தால் அது வாயைப் பொத்துவதற்குச் சமம். என் கணவர் பேசிக்கொண்டே இருந்தார்.

தையல்காரி என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். புருவத்தை உயர்த்தினாள்.

"யாரோ நிக்கறாங்களே. யாரு அது?"

ரொம்பச் சாதாரணமான கேள்வி. நான் தினமும் பத்துத் தடவை யாருக்காவது காட்டுகிற 'கணவர்' என்ற சைகைதான் அதற்குப் பதில். இரண்டு கையும் மேலே எழுந்தன. மார்புக்கு நேரே வந்து, அப்படியே நின்றன.

அவள் காத்திருந்தாள். பிறகு முன்னால் குனிந்து, படம் மறுபடியும் நின்றுவிட்டதென்று நினைத்து, காய்த்த கட்டைவிரலால் திரையைத் தட்டினாள்.