ஆமி அலோசியஸ் எழுதிக் கொடுத்த கடிதம்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பதினொரு மணியானால் போதும், தேயிலைத் தோட்டத்து மேட்டு லய வரிசையின் கடைசிக் காம்பரா வீட்டுக்கு முன்னால் ஆட்கள் சேர்ந்துவிடுவார்கள். ஒருவர் கையில் பொலிசிலிருந்து வந்த துண்டு இருக்கும். இன்னொருவர் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழையாகிவிட்டது என்று நிற்பார். எல்லாமே சிங்களத்தில் எழுத வேண்டிய காரியங்கள். ஹட்டன் டவுனில் காசு வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுக்க ஆட்கள் உண்டுதான். ஆனாலும் ஆமி அலோசியஸ் எழுதினால்தான் காரியம் நடக்கும் என்று அந்தத் தோட்டத்தில் ஊர் முடிவே இருந்தது.

அலோசியஸ் பத்தொன்பது வயதில் ராணுவத்தில் சேர்ந்து இருபத்திரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தவர். அதனால்தான் பெயருக்கு முன்னால் அந்த 'ஆமி'. தோட்டத்துப் பிள்ளைகளில் அந்தப் பக்கம் போனவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். சிங்களம் அவருக்கு அங்கே படிந்தது. எழுத உட்கார்ந்தால் அவருக்கு ஒரு கொள்கை உண்டு. "நீங்க சொல்றததான் எழுதுவேன். ஒரு சொல்லு கூட்டவும் மாட்டேன், கொறைக்கவும் மாட்டேன்" என்பார். காசு கொடுத்தால் கோபம் வந்துவிடும். அதனால் நன்றியுள்ள சனங்கள் காசு கொடுக்கவில்லை. கால் போத்தல், அரைப் போத்தல் சாராயம் என்று கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்து வைத்தார்கள்.

அவருடைய மனைவி சிசிலிக்கு முதலில் அது பெருமையாகக்கூட இருந்தது. தன் வீட்டுக்காரரைத் தேடி இத்தனை பேர் வருகிறார்களே என்று கிளாஸைக் கழுவி அவளே கொண்டுபோய்க் கொடுப்பாள். அவருக்கு ராத்திரியில் தூக்கம் வராது. போர்முனையில் பார்த்ததை அவர் வாய் திறந்து சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. கொஞ்சம் குடித்தால் மனுஷன் தூங்குகிறாரே, தூங்கட்டும் என்று விட்டாள். ஞாயிறில் தொடங்கியது புதன், வியாழன் என்று பரவி, கடைசியில் காலையில் ஒரு மடக்கு இறங்காமல் தேத்தண்ணிக் கோப்பையைக்கூட அவரால் பிடிக்க முடியாத நிலைக்கு வந்து நின்றது.

தவக்காலம் தொடங்கிய அன்று சிசிலி அவரைக் கோயிலுக்குக் கூட்டிப்போய்ச் சத்தியம் செய்ய வைத்தாள். மனுஷன் ரோசக்காரர். சொன்ன சொல்படி அன்றோடு நிறுத்திவிட்டார். மூன்றாம் நாள் காலை தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் முகம் கழுவப் போனவர் அப்படியே விழுந்தார். கை கால் இழுத்துக்கொண்டது. வாயில் ரத்தம். யாரோ இரும்புச் சாவியைக் கையில் திணித்தார்கள், யாரோ ஜெபம் சொன்னார்கள். தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

"கடவுளுக்குச் சத்தியம் பண்ணிட்டு விட்டாரு டொக்டர், பெறகும் இப்பிடி ஆயிருச்சே" என்று சிசிலி அழுதாள்.

டொக்டர் தமிழர்தான். பொறுமையாகச் சொன்னார். "அம்மா, இது பாவம் இல்ல, நோய். இவ்வளவு காலம் குடிச்ச உடம்பு திடீர்னு நிப்பாட்டினா இப்பிடித்தான் வலிப்பு வரும். உள்ள வச்சு, மருந்து குடுத்து, பக்கத்துல இருந்து பாத்துத்தான் விடவைக்கணும். இன்னொரு தடவ இப்பிடி வந்தா உயிருக்கு நான் பொறுப்புச் சொல்ல மாட்டேன்." பிறகு கார்டைப் பார்த்துவிட்டு, "ராணுவத்துல இருந்தவரா? அங்க காப்புறுதி ஏதும் இருக்கா? இருந்தா கேட்டுப் பாருங்க. இதுக்கும் கிடைக்கலாம்" என்றார்.

சிசிலிக்கு நம்பவே முடியவில்லை. அவர் வேலையில் இருந்த காலத்தில் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்த காப்புறுதி ஒன்று இருந்தது உண்மைதான். அது காலில் குண்டு பட்டால், நெஞ்சு வலித்தால் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். குடிக்குக்கூடவா? ராணுவக் காப்புறுதிப் பிரிவில் விசாரித்தபோது, ஓய்வு பெற்றவர்களுக்கும் உண்டு, குடிக்கும் உண்டு என்றார்கள். கண்டிப் பக்கத்தில் ஒரு சிகிச்சை நிலையத்தில் நான்கு வாரத்துக்குக் கட்டில் கேட்டு டொக்டர் கடிதம் எழுதினார். காப்புறுதிப் படிவம் சிங்களத்தில் இருந்தது. வீட்டிலேயே ஊருக்கு எழுதுகிற கை இருக்கும்போது வேறு யாரைத் தேட? அலோசியஸே நிரப்பி அனுப்பினார்.

ஒரு வாரம் கழித்து மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது சிசிலியின் போன் அடித்தது. காப்புறுதிப் பிரிவிலிருந்து நிஷாந்தி என்ற பெண் தமிழிலேயே பேசினாள்.

"அக்கா, டொக்டர் குடி நோய்னு எழுதியிருக்காங்க. உங்க படிவத்துல வயித்துப் புண்ணுன்னு இருக்கு. ரெண்டும் ஒத்துவரணும். உண்மைய எழுதி, அவரு கையெழுத்து வச்சு, வர்ற புதன்கிழமைக்குள்ள ஒரு கடிதம் அனுப்புங்க. அதுக்கு மேல அங்க கட்டில் வச்சிருக்க மாட்டாங்க."

சிசிலிக்குக் கூடை கனத்தது. "உண்மைய எழுதுனா பென்சன நிப்பாட்டிருவாங்களா தங்கச்சி?"

"அது வேற, இது வேற அக்கா. நெஞ்சு வலிக்காரரு பேப்பரும் என் மேசையிலதான் கெடக்கு, இதுவும் அதே மேசையிலதான் கெடக்கு. எங்களுக்கு ரெண்டும் நோய்தான்."

அன்று பின்னேரம் சிசிலி கேட்டபோது அலோசியஸ் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் ஞாயிறே ஒருவர் போத்தலோடு வந்து, எல்லாம் பழையபடி ஆகியிருந்தது.

"அந்தப் பேப்பரு எத்தன கை மாறும்னு ஒனக்குத் தெரியுமா? எனக்குக் கீழ இருந்தவன் எவனாவது பாப்பான். குண்டு பட்டுக் கெடந்தேன்னு எழுதுனா மரியாத. குடிச்சுக் கெடந்தேன்னு நானே எழுதணுமா?"

"செத்துப்போனா மரியாத வருமாங்க?"

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். சனிக்கிழமை வரை பேனாவைத் தொடவேயில்லை. சிசிலி கெஞ்சினாள், சண்டை போட்டாள், பட்டினி கிடந்தாள். ஒன்றும் பலிக்கவில்லை. வேறு யாரிடமாவது எழுதி வாங்கலாம். ஆனால் கையெழுத்து? அது அவர் கையிலல்லவா இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வழக்கம்போல வாசல் இஸ்தோப்பில் வரிசை. தொழிற்சங்கத் தலைவர் மாயாண்டி முதல் ஆளாக வந்து தன் காரியத்தை முடித்துவிட்டு, கோட்டுக்குள் எதையோ அணைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். அது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொருவராக முடிந்து கடைசியில் சிசிலி வந்து அலோசியஸுக்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்தாள்.

"எனக்கு ஒரு கடிதம் எழுதணும்" என்றாள்.

நாலைந்து பேர் சிரித்தார்கள். அலோசியஸ் சிரிக்கவில்லை. "வெளையாடாத சிசிலி. போயி வேலையப் பாரு."

"வெளையாடலங்க. எல்லாரையும் போல நானும் வரிசையில நின்னுதான் வந்திருக்கேன். மத்தவங்க சொன்னா எழுதுவீங்க, நான் சொன்னா எழுத மாட்டீங்களா?"

இத்தனை பேருக்கு முன்னால் மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பேனாவை எடுத்தார். சிசிலி மடியில் கையைக் கட்டிக்கொண்டு நிறுத்தி நிறுத்திச் சொல்லத் தொடங்கினாள்.

"என் வீட்டுக்காரரு பேரு அலோசியஸ். இருபத்திரண்டு வருசம் ஆமியில இருந்தாரு. அவருக்குக் குடி நோய்."

பேனா நின்றது.

"எழுதுங்க. சொல்றதத்தானே எழுதுவீங்க."

அவர் எழுதினார். அவள் மேலே சொன்னாள். "தானா விடப் பாத்தாரு. மூணாம் நாள் பீலிக்கரையில வலிப்பு வந்து விழுந்தாரு. அவரு கெட்டவரு இல்ல. இன்னிக்கு வரைக்கும் என்னையக் கை நீட்டுனது இல்ல. அவருக்குத் தூக்கம் இல்ல, அதுக்குக் குடிச்சாரு. இப்ப குடி இல்லாம இருக்க முடியல. வயித்துப் புண்ணுன்னு எழுதுனது வெக்கத்துல எழுதுனது. அவரு இல்லாம என்னால இருக்க முடியாது. எனக்கு ரொம்பப் பயமா இருக்கு. அவர ஒங்க ஆஸ்பத்திரியில எடுத்துச் சொகமாக்கிக் குடுங்க."

கடைசி வரி எழுதும்போது அலோசியஸின் கண்ணீர் தாளில் விழுந்து எழுத்து ஊறிப்போனது. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டார். அவர் வேறு தாள் எடுத்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப எழுதினார். ஒரு சொல்லும் விடவில்லை. கீழே தானாக ஒரு வரி சேர்த்தார். அவருடைய வழக்கத்தில் இல்லாத காரியம் அது.

"என்ன எழுதுனீங்க?" என்று சிசிலி கேட்டாள்.

"இதெல்லாம் உண்மை, எனக்கு வைத்தியம் வேணும்னு எழுதுனேன்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்தும் ராணுவ இலக்கமும் போட்டார்.

சிசிலி எழுந்து நின்றாள். "அண்ணன்மாரே, இனி இந்த வீட்டுக்கு யாரும் போத்தல் கொண்டுவராதீங்க."

மாயாண்டிக்கு முகம் சுருங்கிப்போனது. "மரியாதைக்குத்தானே தங்கச்சி கொண்டாந்தோம்."

"தெரியும்ணே. மரியாதையாத்தான் அவரக் கொன்னுக்கிட்டிருந்தோம். ஒங்கள மட்டும் சொல்லல. கிளாஸக் கழுவிக் குடுத்தவளே நான்தான்."

திங்கட்கிழமை அவளே அரைநாள் பேரை, அந்தக் கூலியை, விட்டுவிட்டு ஹட்டனுக்குப் போய்க் கடிதத்தை அனுப்பினாள். வியாழக்கிழமை நிஷாந்தி அழைத்துக் காப்புறுதி சம்மதித்துவிட்டது என்றாள். அதற்கடுத்த வாரம் அலோசியஸ் கண்டிக்குப் போனார்.

முதல் பத்து நாள் லேசாக இருக்கவில்லை. ஒரு தடவை பையைக் கட்டிக்கொண்டு கிளம்பியே விட்டாராம். சிசிலி பார்க்கப் போனபோது மெலிந்திருந்தார், ஆனால் கோப்பை கையில் ஆடவில்லை. "எங்க அறையில நாலு பேரு. மூணு பேரு பட்டாளத்துக்காரனுங்க. எல்லாருக்கும் தூக்கம் இல்லாத கததான். வட்டமா உக்கார வச்சுப் பேசச் சொல்றாங்க. நானும் பேசுனேன்" என்றார். அன்றைக்குத்தான் அவர் போர்முனையைப் பற்றி அவளிடமும் கொஞ்சம் சொன்னார். திரும்பி வரும் பஸ்ஸில் சிசிலி அழுதுகொண்டே வந்தாள். மனம் நிறைந்த அழுகை அது.

நான்கு வாரம் முடிந்து வந்தார். மாதம் ஒரு முறை கிளினிக், தினமும் மாத்திரை, இனி ஒரு துளியும் கூடாது என்ற கட்டளை. ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். கங்காணி சிவசாமி அக்கறையாகக் கேட்டார். "காலுக்கு ஆப்பரேசனாமே. தலைவர் சொன்னாரு. இப்ப நடக்க முடியுதா?"

மாயாண்டி பக்கத்தில் நின்று கண்ணைக் காட்டினார். பாவம், நல்ல மனுஷன். அலோசியஸின் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து, அன்று இஸ்தோப்பில் நின்றவர்களின் வாயையும் அடைத்து, தோட்டம் முழுக்க அப்படிச் சொல்லி வைத்திருந்தார்.

"காலுக்கு ஒண்ணும் இல்ல கங்காணி. குடிக்குத்தான் வைத்தியம் பாத்தேன்" என்றார் அலோசியஸ், யாருக்கும் கேட்கட்டும் என்கிற குரலில். சிசிலி அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். கூட்டம் மெல்லக் கலைந்தது.

மாயாண்டி மட்டும் போகவில்லை. செருப்பால் தரையைக் கீறிக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். "எனக்கும் விடிஞ்சா கை நடுங்குது தம்பி. ரெண்டு வருசமா. ஒங்களுக்கு ஆமி இருந்துச்சு, காப்புறுதி இருந்துச்சு. எனக்கு என்ன இருக்கு?"

அலோசியஸ் அவர் தோளில் கையை வைத்தார். "காப்புறுதி செலவத்தான் பாத்துச்சுண்ணே. என்னைக்கு வாயத் தொறந்து நோயோட பேரச் சொன்னேனோ, அன்னைக்குத்தான் வைத்தியமே தொடங்குச்சு. கவர்மெண்டு ஆஸ்பத்திரியிலயும் இதுக்கு டொக்டர் இருக்காங்க, காசு கேக்க மாட்டாங்க. ஆனா நீங்களா திடீர்னு நிப்பாட்டிராதீங்க, மொதல்ல அவங்ககிட்டப் போவோம். குடி ஒரு நோய்ணே. நோய் வந்ததுல அவமானம் இல்ல. அத மறைச்சு மறைச்சுத்தான் நம்ம லயத்துல எத்தனையோ பேரக் குழிக்கு அனுப்பியிருக்கோம்."

மாயாண்டி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நாளைக்குக் காலையில எத்தன மணி பஸ்ஸுல போகலாம் தம்பி?" என்று கேட்டார்.