விசில் மட்டும் வந்த காகிதம்

ஆஸ்பத்திரியில் பையில் போட்டுக் கொடுத்த கணவரின் காக்கிச் சட்டையைத் துவைக்கப் பதினைந்து நாள் கழித்துத்தான் அவளுக்கு மனசு வந்தது. பாக்கெட்டைத் துழாவியபோது நான்காக மடித்த ஒரு சீட்டு கிடைத்தது. அவளுடைய கையெழுத்துதான். சோப்பு, மெழுகுவத்தி, தையல் ஊசி. வாங்கிவிட்ட மெழுகுவத்தியை மட்டும் அவர் கோடு போட்டு அடித்திருந்தார். திருப்பிப் பார்த்தாள். இளஞ்சிவப்புக் கட்டங்களில் ஓர் ஈசிஜி.

இருபத்திரண்டு வருடமாக ஈசிஜி எடுப்பவள் அவள். சரியாக விழாத காகிதத்தைக் குப்பையில் போட மனம் வராமல் வீட்டுக்கு எடுத்து வந்து பின்பக்கத்தில் கடைச் சீட்டு எழுதுவாள். "நம்ம வீட்டு சாமானெல்லாம் யாரோ ஒருத்தர் நெஞ்சு மேலதான் எழுதியிருக்கு" என்று பஸ் ஓட்டும் அந்த மனுஷன் கேலி செய்வார். ஓரத்திலிருந்த பெயரைப் பார்த்தாள். இந்த நெஞ்சு அவருடையது.

உடல் தகுதிச் சான்றுக்காக அன்று அவளிடமே வந்து படுத்தார். சும்மா படுக்காமல், இந்தக் கோடெல்லாம் என்ன என்று நச்சரித்தார். "மேல ஒரு புள்ளியிலருந்து மின்சாரம் தானா கிளம்பும். மேலறை சுருங்கும், அதான் இந்தச் சின்ன மேடு. அப்புறம் நடுவுல ஒரு முடிச்சுல கொஞ்சம் நின்னு கீழ இறங்கும். கீழறை அடிக்கும். அதான் இந்த உயரமான ஊசி" என்றாள்.

"அப்போ மேடு கண்டக்டர் விசில். ஊசி நான் வண்டிய எடுக்கறது. விசிலடிச்சும் எடுக்கலன்னா சஸ்பெண்டுதான்!"

இருவரும் சிரித்தார்கள். காகிதத்தில் ஓரிடத்தில் ஊசி விழாமல் இடைவெளி இருந்தது. "கரடி மாதிரி முடி இருந்தா ரப்பர் குமிழ் எப்படிங்க ஒட்டும்?" என்று கடிந்துகொண்டே ஜெல்லை இன்னும் கொஞ்சம் தடவி மறுபடி எடுத்தாள். கோணல்மாணலான காகிதத்தை நீட்டினால் டாக்டர் முகம் சுளிப்பார். இரண்டாவது பளிச்சென்று வந்தது. அதைத்தான் டாக்டருக்கு அனுப்பினாள்.

அதற்கு இருபதாம் நாள் காலை, பணிமனையில் வண்டியைக் கிளப்பும் முன்பே அவர் ஸ்டியரிங் மேல் சாய்ந்துவிட்டார். மேலே கிளம்பிய மின்சாரம் கீழே இறங்கவில்லை என்றார்கள். இதயத்தைத் திருப்பிக் கொண்டுவந்து பேஸ்மேக்கரும் வைத்தாயிற்று. அதற்குள் ரத்தம் போகாமல் மூளை பட்டினி கிடந்துவிட்டது. கண் திறந்திருக்கிறது, ஆள் இல்லை.

ஜன்னல் வெளிச்சத்தில் காகிதத்தைப் பிடித்தாள். மேடு, ஊசி. மேடு, ஊசி. அப்புறம் மேடு மட்டும். மறுபடி மேடு மட்டும். குமிழ் நழுவியிருந்தால் அந்த மேடும் விழுந்திருக்காது. படிக்கிற பிள்ளைகளுக்கு அவளே சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. நின்று பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அவள் வார்டுக்குப் போனபோது அவருடைய அக்கா, தம்பியின் காலைப் பிடித்துவிட்டபடி, பார்க்க வந்த யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்: "எங்க தம்பி பொண்டாட்டி கையாலயே எடுத்துப் பாத்தாளே, ஒண்ணும் இல்லன்னுதானே வந்துச்சு! அவ என்ன பண்ணுவா, பாவம்." தினமும் நாலு பேரிடமாவது இதைச் சொல்வாள். அந்த மகராசி திட்டித் தொலைத்திருந்தால் தேவலாம் போலிருந்தது இவளுக்கு.

வந்தவர்கள் போனார்கள். டாக்டர் ஈசிஜி கேட்டிருந்ததால் மெஷினைத் தள்ளி வந்து, அவர் நெஞ்சில் குமிழ்களை ஒட்டினாள். இன்று கேலி செய்ய ஆளில்லை. பொத்தானை அழுத்திவிட்டு, இடுப்பில் செருகியிருந்த காகிதத்தை எடுத்து நாத்தனாரிடம் நீட்டினாள்.

"அண்ணி, அன்னிக்கு நான் ரெண்டு எடுத்தேன்."

"எதை ரெண்டு?"

அவள் காகிதத்தை நாத்தனாரின் கையில் வைத்தாள்.

நாத்தனார் காகிதத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் எழுத்துக்கூட்டிப் படித்தாள். "சோப்பு... மெழுகுவத்தி வாங்கியாச்சு போல... ஊசி..." கடைசி வரியில் விரலை வைத்தாள். "நீ கடைசியா எழுதுன சீட்டாம்மா? ஐயோ, பத்திரமா வச்சிருந்தானே!" என்று அப்படியே மார்போடு அணைத்துக்கொண்டாள்.

திருப்புங்க அண்ணி என்று சொல்ல வேண்டும். மெஷினை நிறுத்தவும் அவளுக்குத் தோன்றவில்லை. காகிதம் கட்டிலிலிருந்து வழிந்து தரையில் சுருண்டுகொண்டிருந்தது. அதில் ஒவ்வொரு மேட்டுக்குப் பின்னாலும் தவறாமல் ஓர் ஊசி.