இடது பக்கக் கண்ணாடி

சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்திருந்த கட்டைகளை உருவி, டிரெய்லரின் பக்கவாட்டுப் பெட்டியில் போடத் திறந்தபோது ஹார்வியின் தண்ணீர்க் கிண்ணம் உள்ளே கிடந்தது. லொரெட்டா கட்டைகளை அதன் மேலேயே வைத்து மூடினாள். நாய் செத்து மூன்று வாரம் ஆகியும் அந்தக் கிண்ணத்தை யாரும் தூக்கிப் போடவில்லை. கணவன் வெண்டல் போடுவான் என்று அவளும், அவள் போடுவாள் என்று அவனும் விட்டிருந்தார்கள்.

ஓஹையோ வீட்டை விற்றபிறகு அவர்களுக்கு, பிக்கப் லாரியின் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் இந்த டிரெய்லர்தான் வீடு. குளிர்காலத்துக்கு டெக்சாஸின் தெற்கு மூலை. வசந்தம் வந்ததும் பூக்களின் பின்னாலேயே வடக்கே ஏறுவார்கள். அன்றைக்கு ஆர்கன்சா மலைகளைத் தாண்டி மிசூரி எல்லையில் ஓர் ஏரிக்கரை முகாமுக்குப் போகவேண்டும். இலை வராத கிளைகளில் ரெட்பட் மரங்கள் ரோஸ் நிறத்தில் அப்பிக்கொண்டு பூத்திருந்தன. வருஷம் முழுக்க லொரெட்டா காத்திருப்பது இந்த ஒரு நாள் பயணத்துக்குத்தான். இந்த வருஷம் அதை ஏறெடுத்துப் பார்க்கவே அவளுக்கு மனசு வரவில்லை.

இவர்களைப் போல வண்டியிலேயே குடித்தனம் நடத்துகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எதிரே இன்னொரு வீட்டு வண்டி வந்தால் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்து ஆட்டவேண்டும். ஆட்டாதவன் ஒன்று திமிர் பிடித்தவன், இல்லாவிட்டால் ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறவன். வெண்டல் கல்யாண வீட்டு வாசலில் நிற்பவனைப் போல முழுக் கையையும் ஆட்டுவான். பதில் வராவிட்டால் அடுத்த ஊர் வரும்வரை திட்டுவான். அன்று காலையில் எதிரே, இடது பக்கமாக, இரண்டு வண்டிகள் கையை ஆட்டிவிட்டுப் போயின. அவன் கை அசையவே இல்லை.

"என்ன துரை, இன்னைக்குக் கை சுளுக்கிக்கிச்சா?"

"எதுக்கு?"

"இப்பத்தானே ஒருத்தன் ஆட்டிட்டுப் போனான்."

"பாத்தேன், பாத்தேன். எல்லாருக்கும் ஆட்டிக்கிட்டே இருந்தா வண்டிய யாரு ஓட்டறது?"

நாயின் துக்கம் இன்னும் ஆறவில்லை போல என்று நினைத்துக்கொண்டாள். அந்தத் துக்கத்துக்குக் காரணம் தான்தான் என்பதால் மேற்கொண்டு வாயைத் திறக்கவில்லை. டெக்சாஸில் அன்று அவன் டிரெய்லரைப் பின்னால் தள்ளி நிறுத்திக்கொண்டிருந்தான். வழக்கம்போல அவள் இடது பின்மூலையில், அவனுடைய கண்ணாடியில் தெரிகிற மாதிரி நின்று கையால் ஜாடை காட்டினாள். மேஜைக்காலில் கட்டியிருந்த கயிற்றிலிருந்து நழுவி ஹார்வி சக்கரத்துக்குப் பின்னால் வந்து படுத்ததைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் தலைக்குமேல் குறுக்காகத் தூக்கினாள். நிறுத்து என்று அர்த்தம். கத்தவும் கத்தினாள். டீசல் எஞ்சின் இரைச்சலில் எது கேட்கும்? வண்டி வந்துகொண்டே இருந்தது. "நீ கையத் தூக்கவே இல்லையே. நான் கண்ணாடியையேதான் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றான் வெண்டல். முதலில் சண்டை போட்டாள். இரண்டு நாள் கழித்து, ஒருவேளை தாமதமாகத்தான் தூக்கினோமோ என்று தோன்றியது. ஒரு வாரத்தில் அது நிச்சயமாகவே ஆகிவிட்டது. அவள் அழுதபோது அவன் முதுகைத் தடவி, "போகட்டும் விடு. யாருக்கும் நடக்கறதுதான். நான் உன்மேல கோபம் எதுவும் வச்சுக்கல" என்றான். அந்த நல்ல வார்த்தைக்காக அவள் அவனுக்கு நன்றிகூடச் சொன்னாள்.

மலை இறக்கத்தில் இடது பக்கம் ஆறு தெரிந்தது. "அங்க பாரேன், தண்ணி எப்படிப் பச்சையா இருக்கு" என்றாள். "ம், நல்லாருக்கு" என்றான். முகம் நேராகத்தான் இருந்தது. ஒரு வளைவில் எதிரே வந்த மரலாரிக்காரன் ஹாரனை நீளமாக அடித்து மண்ணில் இறங்கிப் போனான். "காலங்காத்தாலயே குடிச்சிருக்கான்" என்று வெண்டல் முனகினான். லொரெட்டா கதவுப் பிடியைப் பற்றிய கையை எடுக்கவில்லை.

பள்ளத்தாக்கைப் பார்க்க வசதியாக மரமேஜை போட்டிருந்த இடத்தில் சாப்பிட நிறுத்தினார்கள். தட்டில் பன்றி இறைச்சி சாண்ட்விச் ஒரு பக்கமும் உருளைக்கிழங்கு சாலட் இன்னொரு பக்கமுமாக வைத்துக் கொடுத்தாள். சாண்ட்விச்சைத் தின்று முடித்துவிட்டு அவன் கையைத் துடைத்தான்.

"சாலட் தீந்துபோச்சா? நேத்து அவ்வளவு இருந்துதே. எனக்குத் தெரியாம நீயே முழுங்கிட்டியா?"

சிரித்துக்கொண்டே தட்டைக் காட்டப்போனவள் நிறுத்திக்கொண்டாள். தட்டின் இடது பாதியில் சாலட் வைத்தது வைத்தபடி இருந்தது. அவன் கேலிக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே தேடிக்கொண்டிருந்தான். லொரெட்டா தட்டின் விளிம்பைப் பிடித்து மெதுவாக அரைவட்டம் திருப்பினாள்.

"அட, எங்க ஒளிச்சு வச்சிருந்த?" என்று முள்கரண்டியை எடுத்தான். அவள் சிரிக்கவில்லை என்பதைக் கண்டு, அவள் கை தட்டின் விளிம்பில் இருப்பதையும் கண்டு, கரண்டியைக் கீழே வைத்தான்.

"எப்பலேர்ந்து?"

"பிப்ரவரி. மீன் ஒத்துக்கலன்னு ஒரு நாள் பூரா தலைவலியில படுத்திருந்தேனே, அன்னைலேர்ந்து. இடப்பக்கம் பாதி தெரியல. கழுத்தத் திருப்பினா தெரியுது. திருப்பணும்னு பல நேரம் ஞாபகம் வர்றதில்ல."

"டாக்டர்கிட்டப் போகணும்னு தோணல?"

"போனா லைசென்ஸப் பிடுங்குவான். அப்புறம் எங்க இருக்கறது? உன் புள்ள வீட்டு கராஜிலயா?"

கீழே பள்ளத்தாக்கில் யாரோ மரம் அறுக்கும் சத்தம் கேட்டது. லொரெட்டா தட்டின் விளிம்பிலிருந்து கையை எடுத்தாள்.

"அன்னைக்கு நான் கையத் தூக்கினேனா இல்லையா?"

"தெரியாது, லொரெட்டா. நான் அந்தப் பக்கம் பாக்கல."

"கண்ணாடியையே பாத்துக்கிட்டிருந்தேன்னு சொன்னியே."

"சொன்னேன்."

"மூணு வாரமா நான் அழுததப் பாத்துக்கிட்டுத்தானே இருந்த? அது மட்டும் தெரிஞ்சுது இல்ல?"

அவன் சாலட் டப்பாவின் மூடியை எடுத்து அழுத்தி அழுத்தி மூடினான். அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. தான் கொல்லவில்லை. அதற்காக வெட்கப்படவும் தோன்றவில்லை. பின்னாலேயே வந்ததை வெறுப்பு என்றுதான் சொல்லவேண்டும். நாற்பது வருஷத்தில் அவன்மேல் எத்தனையோ கோபம் வந்திருக்கிறது. இது வந்ததில்லை.

"சாவியக் குடு."

"டிரெய்லரோட நீ ஓட்டினதே இல்லையே."

"நீ பாக்காமலே இவ்வளவு தூரம் ஓட்டிட்ட. நான் பாத்து ஓட்டறேன்."

மிச்சத் தூரம் முழுக்க அவள்தான் ஓட்டினாள். பின்னால் தொங்கிக்கொண்டு வந்த வீடு ஒவ்வொரு இறக்கத்திலும் அவள் முதுகைத் தள்ளியது. எதிரே ஒரு வண்டிக்காரி கையை ஆட்டினாள். லொரெட்டாவால் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைக்கூட எடுக்க முடியவில்லை. திமிர் பிடித்தவள் என்று அந்த வண்டிக்காரி திட்டிக்கொண்டே போயிருப்பாள்.

ஏரிக்கரை முகாமின் வாசலில் இருந்த பெண், "நேரா உள்ள போய் நேரா வெளிய வர்ற இடமெல்லாம் போச்சு கண்ணு. பின்னாடி தள்ளித்தான் நிறுத்தணும். நல்ல இடம், ஓக் மரம் இருக்கு" என்றாள்.

அந்த இடத்தை ஒட்டி லொரெட்டா வண்டியை நிறுத்தியதும் வெண்டல் தானாகவே இறங்கினான். "நான் காட்டறேன். மெதுவா வா. நான் கண்ணாடியில தெரியலன்னா உடனே நிறுத்திடு" என்றான். எல்லோரும் எல்லோருக்கும் சொல்வது அது. அவனே அவளுக்கு எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்தது. நடந்து போய், அவள் எப்போதும் நிற்கும் இடத்தில், இடது பின்மூலையில், ஓக் மரத்துக்கு முன்னால் நின்றான்.

அவள் கியரைப் போட்டாள். சரளைக்கல் சக்கரத்துக்கு அடியில் நொறுங்கியது. கண்ணாடியில் அவன் உள்ளங்கையை மடக்கி மடக்கி, வா, வா என்றான். தொப்பியைக் கழற்றியிருந்தான். வெயிலில் நரைமுடி பளிச்சென்று தெரிந்தது. அவனுக்கும் மரத்துக்கும் இடையில் இருந்த இடம் குறைந்துகொண்டே வந்தது. அவன் ஓரடி பின்னால் வைத்தான். முதுகு மரத்தில் இடித்தது. இரண்டு கைகளையும் தலைக்குமேல் குறுக்காகத் தூக்கினான்.

தெளிவாகத் தெரிந்தது. சட்டைக் கையின் கிழிசல்கூடத் தெரிந்தது. அவன் வாய் திறந்து மூடியது. லொரெட்டா கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரளைக்கல் இன்னும் நொறுங்கிக்கொண்டிருந்தது.