அண்ணிக்குப் போகாத பந்து

நாத்தனாரும் அண்ணியும் ஒரே வீட்டில் முகம் சுளிக்காமல் இருப்பதே பெரும்பாடு. இவர்கள் இருவரும் ஒரே அணியில் ஆடினார்கள், அதுவும் நாட்டுக்காக. ஆண்டுதோறும் பல நாட்டுப் பெண்கள் அணிகள் மோதும் வாலிபால் போட்டி அது. கடைசி இடத்துக்குப் போகும் நாடு அடுத்த ஆண்டு வீட்டில் உட்கார்ந்து டிவியில்தான் பார்க்க வேண்டும். அந்தக் கதி யாருக்கு என்பது அன்றைய ஆட்டத்தில் தெரிந்துவிடும்.

நாத்தனார்தான் செட்டர். பந்தை அளவாகத் தூக்கிக் கொடுப்பது அவள் வேலை. எகிறி அதை வலைக்கு அந்தப் பக்கம் அடித்து இறக்குவது அண்ணியின் வேலை. அண்ணனுக்கு இந்தப் பெண்ணைப் பார்த்துக் கொடுத்தவளும் அவளேதான். "நான் தூக்கிக் கொடுத்ததுல உங்க கைக்கு வசமா மாட்டினது எங்க அண்ணன்தான்" என்று கிண்டல் செய்வாள்.

மூன்று வாரமாக அவளுக்குக் கிண்டல் வரவில்லை. விடுதி அறையில் அண்ணி கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பதைப் பார்த்துவிட்டாள். முழங்கால் வீங்கிக் கிடந்தது.

"உங்கண்ணன்கிட்டயும் மூச்சு விடாத, கோச்கிட்டயும் மூச்சு விடாத" என்றாள் அண்ணி. "தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. எனக்கு இதுதான் கடைசி வருஷம். உன் கையைப் பிடிச்சுக் கேக்கறேன்."

அண்ணி யாரிடமும் கெஞ்சி அவள் பார்த்ததில்லை. சரி என்றுவிட்டாள். சொல்லவும் முடியாமல் சும்மா இருக்கவும் முடியாமல், கையில் இருந்த ஒரே வழியைப் பிடித்தாள். அண்ணி எகிறி அடிக்க வேண்டிய பந்துகளையெல்லாம் மற்றவர்களுக்குத் தள்ளினாள்.

அன்று கடைசி செட்டில் வெற்றிக்கு இன்னும் ஒரே புள்ளி. ஓரத்தில் நின்ற அண்ணி "குடு, குடு" என்று கத்தினாள். இவள் காதில் வாங்காமல் நடுவில் நின்றவளுக்குக் கொடுத்தாள். எதிரணி அதைத் தடுத்துப் போட்டுப் புள்ளியை எடுத்துக்கொண்டது.

கோச் ஆட்டத்தை நிறுத்தி எல்லோரையும் அழைத்தார். "வீட்டுச் சண்டையை வீட்டோட வெச்சுக்கணும். நாத்தனார் ரோஷத்தைக் காட்டற இடமா இது?"

அடக்கடவுளே, பார்க்கிறவர்களுக்கு அப்படியா தெரிகிறது! அவளுக்குச் சுருக்கென்றது.

"சண்டை ஒண்ணும் இல்ல சார்."

"அப்ப ஏன் குடுக்க மாட்டேங்கற? காரணம் இருந்தா இப்பவே சொல்லு."

அவருக்குப் பின்னால் நின்ற அண்ணி, வேண்டாம் என்று மெல்லத் தலையாட்டினாள்.

"ஒண்ணுமில்ல சார்" என்றாள். கோச் அவளை வெளியே உட்காரவைத்தார்.

மாற்றாக இறங்கிய செட்டருக்கு, பாவம், என்ன தெரியும்? அடுத்த பந்தை நேராக அண்ணிக்கே தூக்கிக் கொடுத்தாள். அண்ணி ஓடி வந்து எகிறினாள். பந்து எதிரணியின் கோட்டுக்குள் இடிபோல இறங்கியது. ஜெயித்தாயிற்று. எல்லோரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். அண்ணி மட்டும் விழுந்த இடத்திலிருந்து எழுந்திருக்கவில்லை.

மருத்துவ அறையில் டாக்டர் முழங்காலைத் தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். இனி ஆட்டம் இருக்கட்டும், ஒழுங்காக நடப்பதற்கே நாளாகும் என்றார். "எவ்வளவு நாளா வலி?"

"இப்பத்தான் டாக்டர். விழுந்ததுக்கு அப்புறம்தான்" என்றாள் அண்ணி.

"இல்ல டாக்டர், மூணு வாரமா இருக்கு" என்றாள் நாத்தனார். "எனக்குத் தெரியும்."

கதவருகே நின்ற கோச் சட்டென்று வெளியே போய்விட்டார். அவள் அழுதுகொண்டே அண்ணியின் கையைப் பிடித்தாள். அண்ணி கையை இழுத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இதை கோச் கேட்டப்பவே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா நீ?" என்றாள்.