பரண் சரக்கு

எங்கள் துணிக்கடையில் பொய் உண்டு, மறைக்க மாட்டேன். "அடக்க விலைக்கே தர்றேன்க்கா" என்பேன். அந்த அக்காவும் நம்பியதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு பாதி விலைக்குக் கேட்பாள். இரண்டு பேருக்கும் தெரிந்த பொய் அது. யாரும் ஏமாறுவதில்லை.

என் தங்கை கணவர் தொழிலாளர் துறை அமைச்சர். அவர் டிவியில் சொன்னது வேறு ரகம். "எங்கள் ஆட்சியில் வேலையில்லாதவர்கள் பாதியாகக் குறைந்துவிட்டார்கள்."

மறுநாள் காலை அவருடைய அண்ணன் கடைக்கு வந்தார். லேத்காரர் என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். அப்பா இல்லாத வீட்டில், லேத் மெஷின் முன்னால் நின்றே தம்பியைப் படிக்கவைத்தவர். தொழிற்சாலையை மூடியதிலிருந்து வேலையில்லை. எண்ணெய்க் கறையில்லாத சட்டையில் அவரைப் பார்த்தால் யாரோ விருந்தாளி மாதிரி இருக்கும்.

"மச்சான், ஒண்ணு கேட்கட்டுமா?"

"தள்ளுபடி தவிர எது வேணும்னாலும் கேளுங்க."

அவர் சிரிக்கவில்லை. விரித்துக் கிடந்த துணியின் ஓரத்தைத் தடவிக்கொண்டே நின்றார். "எல்லாருக்கும் வேலை கிடைச்சிடுச்சாமே. தம்பியே டிவியில சொன்னான். அவன் பொய் சொல்ல மாட்டான். அப்போ எங்கிட்டதானே ஏதோ குறை? வயசா மச்சான்? இல்ல, என் மூஞ்சியா?"

அளந்துகொண்டிருந்த துணி என் கையிலேயே நின்றுவிட்டது.

"வேலைவாய்ப்பு ஆபீஸ்ல பதிவைப் புதுப்பிக்கிறீங்களா?"

"விட்டுட்டேன். அங்க இருக்கிற பொண்ணு என்னைப் பார்த்ததுமே தலையைக் குனிஞ்சுக்குது. அதை எதுக்குச் சங்கடப்படுத்தணும்?"

எனக்குப் புரிந்துவிட்டது. விலைபோகாத துணியைப் பரணில் ஏற்றிவிட்டு, காலி அலமாரியைக் காட்டி "எல்லாம் வித்துப்போச்சு" என்று நாங்களும் சொல்வோம். புதுப்பிக்க வராதவர்களை அமைச்சரின் துறை பரணில் ஏற்றியிருந்தது. தம்பி 'குறைத்த' கூட்டத்தில் அண்ணனும் ஒருவர்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் அமைச்சர் மாப்பிள்ளையை ஓரங்கட்டி, அண்ணன் கேட்டதை அப்படியே சொன்னேன்.

"கணக்கு சரிதான் மச்சான். பதிவுல இருக்கிறது பாதிதான்."

"மாப்பிள்ளை, இந்த வித்தையில நான் உங்களுக்கு மூத்தவன். எங்கிட்டயே சரக்கு தள்ளாதீங்க. உங்க அண்ணன் தன் மூஞ்சியையே சந்தேகப்பட்டுக்கிட்டு இருக்கார்."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "இப்போ மாத்திச் சொன்னா பதவி போயிடும் மச்சான்."

மணி அடித்தது. உள்ளே போனோம்.

தொழிற்சாலையை மூடிய நாளிலிருந்து எங்கள் சபையில் ஒரு வழக்கம். ஆராதனை முடியும் முன்பு வேலையில்லாதவர்கள் எழுந்து நிற்பார்கள், மற்றவர்கள் அவர்களுக்காக ஜெபிப்பார்கள். எங்கள் போதகர் வெள்ளை மனசுக்காரர். சபைப் பிள்ளை ஒரு வார்த்தை சொன்னால் அதைச் சத்தியமாகவே எடுத்துக்கொள்பவர்.

"ஆண்டவர் நம்ம ஜெபத்தைக் கேட்டுட்டார். வேலையில்லாதவங்க குறைஞ்சுட்டாங்கன்னு நம்ம அமைச்சரே சொல்லிட்டார். இனிமே இந்த வேளையில நன்றி ஜெபம். அவரே வந்து ஜெபிக்கட்டும்" என்றார்.

வழக்கப்படி எழ ஆரம்பித்திருந்த லேத்காரர் பாதியிலேயே உட்கார்ந்துகொண்டார். சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். பிறகு கண்ணை மூடி, கைகூப்பி, தம்பியின் குரலுக்காகக் காத்திருந்தார். அந்த முகத்தில் அப்படி ஒரு பெருமை.

மாப்பிள்ளை முன்னால் போய் நின்றார். "பரம பிதாவே, நீர் எங்களுக்குச் செய்த..." அதற்கு மேல் வரவில்லை. மைக்கைப் பிடித்தால் விடாத மனிதர். ஆனால் இங்கே கேட்கிறவர் ஆண்டவர்; அவருக்குப் பரணும் தெரியுமே, வெறும் அலமாரியைக் காட்டி என்ன செய்வது?

"அண்ணே" என்றார். "கண்ணைத் திறங்கண்ணே."

லேத்காரர் திறந்தார்.

"எல்லாருக்கும் வேலை கிடைக்கலண்ணே. தேடி அலுத்துப்போய் வராம இருந்தவங்களைக் கணக்குல இருந்து எடுத்துட்டோம். அதைத்தான் குறைஞ்சுதுன்னு சொன்னேன். உங்களையும் எடுத்துட்டேன். உங்ககிட்ட ஒரு குறையும் இல்லண்ணே. நாளைக்குச் சட்டசபையிலயும் இதையே சொல்லப்போறேன்."

போதகர் கண்ணாடியைக் கழற்றி அங்கியிலேயே துடைத்தார். "அப்போ பழைய ஜெபமே இருக்கட்டும். வேலையில்லாதவங்க எழுந்து நில்லுங்க."

லேத்காரர் எழுந்தார். வெட்கப்பட்டு இத்தனை நாள் உட்கார்ந்தே இருந்த சிலரும் எழுந்தார்கள். அவர் நேரே முன்னால் நடந்துபோய்த் தம்பியின் தோளில் கைபோட்டுக்கொண்டார்.

"ஆண்டவரே, நாளைக்கு இவன் வாயைத் திறந்தா, அடுத்த வாரம் இவனும் எங்களோடதான் நிக்கணும். அதனால இவனையும் இப்பவே சேர்த்துக்கோங்க."

முதலில் சிரித்தது என் தங்கைதான். பிறகு சபையே சிரித்தது. மாப்பிள்ளை மட்டும் அண்ணன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார்.

எல்லாரும் ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன், பேரம் பேசாமல்.